நீல மூடி ட்யூப்

2021 மே மாதம் எங்கள் லேபில் முதலில் தீர்ந்துபோனது ரத்தம் எடுக்கிற நீல மூடி ட்யூப்தான். ஊதா மூடி இருந்தது, மஞ்சள் மூடி இருந்தது, நீலம் மட்டும் இல்லை. சாதாரண நாளில் ஒரு பெட்டி வாங்கினால் இரண்டு மாதம் வரும். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் உறையும் நேரம் பார்க்க வருகிறவர்கள், இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், அவ்வளவுதான் அதன் வாடிக்கை. அந்த மே மாதம் நூறு ட்யூப் பெட்டி இரண்டே நாளில் காலியானது. எல்லாம் கொரோனாவுக்காகப் பார்த்த டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனைக்குத்தான்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். டிஎம்எல்டி என்ற லேப் டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. அந்த வாரம் எங்கள் லேப் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: ‘கோவிட் புரொஃபைல்’. சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), சிஆர்பி (உடம்பில் வீக்கம் இருந்தால் கூடுகிற புரதம்), எல்டிஹெச் (செல்கள் உடைந்தால் ரத்தத்தில் கூடுகிற நொதி), ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கிற புரதம்), டி-டைமர் எல்லாம் சேர்ந்த கட்டு அது. கையில் காசு இருந்தால், வீக்கத்தைத் தூண்டுகிற இன்டர்லூக்கின்-6 என்ற புரதமும் சேரும். அதை நாங்கள் செய்வதில்லை, வெளியூர் லேபுக்கு அனுப்புவோம். ரிசல்ட் வருவதற்குள் ஆள் ஒன்று தேறியிருப்பார், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பார்.

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு போன்.

“சிஸ்டர், அப்பாவுக்கு டி-டைமர் 812னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. ஏதாவது ஆயிடுமா?”

“அப்பா இப்போ என்ன செய்றாங்க?”

“திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க.”

எல்லையைத் தாண்டிய எண்ணை மிஷின் தடித்த எழுத்தில் அடிக்கும். அந்த 812 என்ன சொல்கிறது என்று அவரிடம் போனில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எண்ணைத் தயாரிக்கிற வேலை என்னுடையது. அது என்ன சொல்கிறது என்பதை அந்த மே மாதத்துக்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும் பார்த்ததையும் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

டி-டைமர் என்பது உடைந்த ரத்தக்கட்டியின் துணுக்கு. உடம்பில் எங்காவது ரத்தம் கட்டி, அதை உடம்பே கரைக்கும்போது மிஞ்சுகிற தூள். கர்ப்பிணிக்குக் கூடும், ஆபரேஷன் ஆனவருக்குக் கூடும், வயதானால் சும்மாவே கூடும். கொரோனாவுக்கு இதைப் பார்க்கும் பழக்கம் வூஹானில் ஆரம்பித்தது. அங்கே இரண்டு மருத்துவமனைகளில் இருந்த 191 நோயாளிகளைப் பற்றி 2020 மார்ச்சில் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். சேரும்போதே டி-டைமர் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்கள் அதிகமாக இறந்தார்கள் என்றது கட்டுரை. அந்த 191 பேரும் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முடியாமல் போனவர்கள். எங்கள் வரிசையில் நின்றவர்களோ இரண்டு நாள் காய்ச்சலோடு டிவிஎஸ் 50 ஓட்டி வந்தவர்கள்.

இன்னொரு கூத்து அளவில் நடந்தது. டி-டைமரை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று துணுக்கின் எடைக் கணக்கு. மற்றது, அந்தத் துணுக்கு எந்த ஃபைப்ரினோஜெனிலிருந்து (ரத்தத்தை உறைய வைக்கிற புரதம்) வந்ததோ அதன் எடைக் கணக்கு, எஃப்இயூ என்று ரிப்போர்ட்டில் இருக்கும். இரண்டாவது கிட்டத்தட்ட முதலாவதைப் போல இரண்டு மடங்கு. ஒருவர் இரண்டு லேப் ரிப்போர்ட்டோடு வந்தார். முதலில் எடுத்தது 410, மூன்று நாள் கழித்து வேறு இடத்தில் 760. இரட்டிப்பாகிவிட்டது என்று முகமெல்லாம் வியர்வை. முதல் ரிப்போர்ட் துணுக்குக் கணக்கு, இரண்டாவது எஃப்இயூ. 410ஐ எஃப்இயூவுக்கு மாற்றினால் 820 வரும். அதாவது குறைந்திருக்கிறது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் எறும்பு மாதிரி எழுதியிருந்த அந்த மூன்றெழுத்தை யார் பார்ப்பார்கள்?

சரி, எங்கள் பங்குத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நீல மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் தடுக்கிற சிட்ரேட் திரவம் முன்கூட்டியே இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. ட்யூபில் ஒரு கோடு உண்டு, ரத்தம் அதுவரை நிற்க வேண்டும். குறைந்தால் சாம்பிள் நீர்த்துப்போகும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். பிபிஇ உடுப்புக்குள் வியர்த்து வடிந்து, கண்ணாடி மூடிக்கொண்டு, கிழவி கையில் நரம்பே அகப்படாமல், கோட்டுக்கு அரை விரல் கீழே நின்ற ட்யூபை நான் மிஷினில் வைத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

எல்டிஹெச் இன்னும் மோசம். அது சிவப்பணுக்களுக்குள்ளேயே ஏராளமாக இருக்கிறது. மெல்லிய ஊசியில் சிரமப்பட்டு இழுத்தாலோ ட்யூபை வேகமாகக் குலுக்கினாலோ சிவப்பணு உடையும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஜா நிறத்தில் நிற்கும். அந்த சீரத்தில் எல்டிஹெச் எகிறும். நுரையீரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கோளாறு என் கையில்.

சிஆர்பியில் இருக்கிற ‘சி’ கொரோனாவா என்று ஒரு பையன் கேட்டான். சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நிமோகாக்கஸ் கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு அது ஒட்டிக்கொண்டதால் அந்தப் பெயர். உடம்பில் எங்கே வீக்கம், எரிச்சல் என்றாலும் கல்லீரல் இதைச் சுரக்கும். சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது இன்டர்லூக்கின்-6. அதனால் சிஆர்பி கையில் இருக்கும்போது அன்றைக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து இன்டர்லூக்கின்-6 பார்த்தது, மகன் வீட்டுக்கு வந்து நிற்கும்போது அவன் கிளம்பிவிட்டானா என்று போன் போட்டுக் கேட்கிற மாதிரி. இது என் அபிப்பிராயம், டாக்டர்கள் சண்டைக்கு வரலாம்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கொழுந்தனுக்கு வயது 31. காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் எடுத்ததில் சிஆர்பி 88, ஃபெரிட்டின் 940. ரிப்போர்ட் முழுக்கத் தடித்த எழுத்து. மாமியார் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவனுக்கு ஆக்சிஜன் 98. “வாசமே தெரியலை மதினி, ஆனா மீன்குழம்பு ஊத்துங்க” என்றான். பத்தாம் நாள் எழுந்து நடமாடினான்.

அப்பாவுக்கு அப்போது 68, சர்க்கரை உண்டு. நாலாம் நாள் நானே போய் ரத்தம் எடுத்தேன். சிஆர்பி 9. டி-டைமர் எல்லைக்குள். லிம்போசைட் என்ற வெள்ளையணு லேசாகக் குறைவு, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். எட்டாம் நாள் பாத்ரூம் போய்விட்டு வந்தவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 94. முற்றத்தில் ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது நிமிஷத்திலேயே 89.

நாலாம் நாள் ரத்தம் நாலாம் நாளைப் பற்றித்தான் பேசும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. இந்த நோயில் நுரையீரல் கெடுவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் தெரியும். தெரிந்திருந்தும், எல்லைக்குள் இருந்த அந்த எண் எனக்கு வேண்டிய எண்ணாக இருந்தது.

அந்த 94ஐயும் முழுசாக நம்பக் கூடாது என்று பிற்பாடு படித்தேன். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோல் கறுத்திருந்தால் கருவி கூட்டிச் சொல்கிறது. அப்பா நல்ல கறுப்பு. வழக்கமாக அதைப் பெருமையாகச் சொல்வார்.

ஆக்சிஜன் பெட் கிடைத்த ராத்திரி, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் ஒரு கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளி இறக்கும் ஆபத்தைக் கணக்கிட 4சி மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 260 மருத்துவமனைகளின் நோயாளிகளை வைத்து 2020இல் செய்தது. எட்டே விஷயங்கள், மொத்தம் 21 மதிப்பெண். வயதுக்கு மட்டும் 7 வரை. ரத்தத்தில் அது கேட்பது இரண்டுதான்: சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவான யூரியாவுக்கு 3 வரை, சிஆர்பிக்கு 2 வரை. டி-டைமரும் ஃபெரிட்டினும் அதில் கிடையவே கிடையாது. ஐம்பது அறுபது ரூபாய் யூரியாவுக்கு சிஆர்பியைவிட மதிப்பு அதிகம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் கோவிட் புரொஃபைலில் யூரியா இல்லவே இல்லை.

அப்பாவுக்கு: வயதுக்கு 4, ஆண் என்பதால் 1, சர்க்கரைக்கு 1. மூச்சு நிமிஷத்துக்கு 24, அதற்கு 1. ஆக்சிஜன் 90, அதற்கு 2. நினைவு தெளிவு, பூஜ்யம். யூரியா 34. நம் ஊர் அளவை ஆறால் வகுத்தால்தான் அவர்கள் அளவு வரும், 5.7, அதற்கும் பூஜ்யம். சிஆர்பி அன்றைக்கு 62, அதற்கு 1. ஆகப் பத்து. ஒன்பதிலிருந்து பதினாலு வரை வந்தவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருக்கிறார்கள்.

நூற்றுக்கு 31. பக்கத்தில் டீ விற்றவரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் 31 பேர் என்று அது சொல்லும், சரியாகவே சொல்லும். உள்ளே ஒரே ஒரு ஆள் படுத்திருக்கிறார். அவர் அந்த 31இல் ஒருவரா, 69இல் ஒருவரா என்று அது சொல்லாது. ஒரு டாக்டருக்கு யாரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க அந்தப் பத்து உதவும். மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற மகளுக்கு உதவாது.

இப்படிப்பட்ட கணக்குகள் அந்த வருஷம் மழைக்கால ஈசல் மாதிரி வந்தன. வூஹானில் 485 பேரை வைத்து எல்டிஹெச், லிம்போசைட், சிஆர்பி மூன்றே போதும், பத்து நாள் முன்னாலேயே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிடலாம் என்றது ஒன்று. வேறு நாட்டு நோயாளிகளிடம் போட்டுப் பார்த்தபோது அது அப்படி நிற்கவில்லை. லண்டனில் ஒரு மருத்துவமனையில் 411 நோயாளிகளிடம் 22 கணக்குகளைப் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். ஆள் மோசமாவாரா என்பதில் சேரும்போது இருந்த ஆக்சிஜன் அளவையும், இறப்பாரா என்பதில் வயதையும் தாண்டிப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை அந்த 22உம். ஆதார் கார்டும் ஒரு ஆக்ஸிமீட்டரும். அதற்குத்தான் நாங்கள் நீல மூடி ட்யூப் தேடி மதுரை வரை ஆள் அனுப்பினோம்.

எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா மே முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்: லேசான பாதிப்புள்ளவர்களுக்கு சிடி ஸ்கேனும் வேண்டாம், இந்த ரத்தப் பரிசோதனைகளும் வேண்டாம், வீண் பீதிதான் மிஞ்சும் என்று. அந்தச் செய்தி லேபில் டிவியில் ஓடியது. கீழே வரிசையும் ஓடிக்கொண்டிருந்தது.

பீதி மட்டும் என்றால் பரவாயில்லை. எனக்குத் தெரிந்து ஒருவர் சிஆர்பி 40 என்ற ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பி, மூன்றாம் நாளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஆக்சிஜன் 97. அந்த மருந்தைப் பரீட்சித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு என்ன சொன்னது? வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்ற சந்தேகம் வேறு. ஸ்டீராய்டு போட்டதும் அவர் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. போதாததற்கு, ஸ்டீராய்டு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவைக் கூட்டி லிம்போசைட்டைக் குறைக்கும். அடுத்த சிபிசியில் இரண்டுக்கும் உள்ள விகிதம் எகிறியது, நோய் முற்றிவிட்டதாக நினைத்து இன்னும் பயந்தார்.

அப்படியானால் சிஆர்பியே வீணா? அதுவும் இல்லை. அதே ரெகவரி ஆய்வில் டோசிலிசுமாப் என்ற ஊசியைப் பரீட்சித்தார்கள். ஆக்சிஜன் 92க்குக் கீழே இருக்க வேண்டும் அல்லது ஆக்சிஜன் வைத்திருக்க வேண்டும், கூடவே சிஆர்பி 75க்குக் குறையக் கூடாது. இப்படிப்பட்ட 4,116 பேர். ஊசி போட்டவர்களில் 31 சதவீதம் இறந்தார்கள், போடாதவர்களில் 35. இங்கே சிஆர்பிக்கு ஒரு வேலை இருக்கிறது: இந்த ஆளுக்கு இந்த ஊசியா என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. ஒரு வேடிக்கை, அந்த ஊசி இன்டர்லூக்கின்-6இன் உத்தரவையே தடுத்துவிடுகிறது. அதனால் போட்ட பிறகு சிஆர்பி சரசரவென்று இறங்கும், ஆள் தேறினாலும் தேறாவிட்டாலும். ரிப்போர்ட் அழகாக இருக்கும்.

மரபணுப் பக்கம் கதை வேறு. 2020 செப்டம்பரில் ஹூகோ ஸீபெர்க், ஸ்வாந்தே பேபோ என்ற இரண்டு மரபணு ஆய்வாளர்கள் ஒன்று சொன்னார்கள். மூன்றாவது குரோமோசோமில் ஏறக்குறைய 50,000 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு; அது இருந்தால் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு அதிகம்; அந்தத் துண்டு எப்போதோ அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம் இருக்கிறது, தெற்காசியாவில் பாதிப் பேரிடம். பேபோவுக்கு 2022இல் நோபல் கிடைத்தது. அதற்கு முன்னாலேயே, 2021இல், ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் அந்தத் துண்டில் குற்றவாளி எல்இசட்டிஎஃப்எல்1 என்ற மரபணுவாக இருக்கலாம் என்றார்கள், நுரையீரலின் உள்தோலில் வேலை செய்வது.

பாதிப் பேரிடம் என்றால் எங்கள் லேப் வரிசையில் ஒன்றுவிட்டு ஒருவர். அதை ஒரு டெஸ்ட்டாகப் போட்டிருந்தால் பாதி ஊருக்குத் தடித்த எழுத்து. ஹைதராபாத் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜ், காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபே குழுவினர் 2021இல் தெற்காசியாவில் அந்தத் துண்டு எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதையும் கொரோனா தொற்று, சாவுக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் பார்த்த ஆய்வு இல்லைதான், மக்கள் கூட்டங்களை வைத்துப் பார்த்தது. ஆனாலும் ‘நம் ரத்தத்திலேயே கொரோனா’ என்று தலைப்புப் போட்டுப் பேசியவர்கள் இதைப் பேசவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொரு கண்டுபிடிப்பு. வைரஸ் புகுந்தால் செல்கள் அடிக்கிற முதல் அபாய மணி இன்டர்ஃபெரான். நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு அண்ணன் தம்பிகள், நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள், நாலு பேரும் வென்டிலேட்டருக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார். எக்ஸ் குரோமோசோமில் டிஎல்ஆர்7 என்ற மரபணு பழுது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், மாற்று இல்லை. அவர்களுக்கு மணியடிக்கிற கை தளர்ந்திருந்தது. அப்புறம் கஸனோவா என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு, உயிருக்குப் போராடிய 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில், சொந்த இன்டர்ஃபெரானையே பிடித்து அடைத்துவிடுகிற எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) இருப்பதைக் கண்டது. 101இல் 95 பேர் ஆண்கள். லேசாக வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. மணி அடிக்கிறது, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திவிட்டார்கள். வயது எழுபதைத் தாண்டினால் இந்த எதிர்ப்புரதம் உள்ளவர்கள் கூடுகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. கடுமையான ஃப்ளூ நிமோனியா வந்தவர்களிலும் சிலரிடம் இருந்தது. கிழவர்களுக்கு ஏன், ஆண்களுக்கு ஏன் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததற்கு ஒரு பகுதிப் பதிலாவது இதில் இருக்கிறது. இந்த டெஸ்ட் எங்கள் மாதிரி லேபில் கிடையாது. வந்தால் நான் தயங்காமல் மிஷினில் வைப்பேன்.

அப்பா பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் கழித்து டாக்டர் எழுதிக் கொடுத்ததற்காக ஒரு டி-டைமர். இந்தத் தடவை ரத்தம் கோடு வரை நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரிசல்ட் 640, எஃப்இயூ. மிஷின் தடித்த எழுத்தில்தான் அடித்துத் தந்தது, அதற்கு 500தான் எல்லை. ரத்தக்கட்டி இருக்குமா என்ற சந்தேகத்துக்குப் பார்க்கும்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லை வைப்பார்கள், அப்பாவுக்கு 680. டாக்டரும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அப்பாவுக்குத் திருப்தி இல்லை, தடித்த எழுத்து தடித்த எழுத்துதானே என்றார். பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘உங்க வயசுக்கு இது சரி’ என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார்.